நெடுங்கோடனின் கலங்காத முகம்

மூங்கில் அடர்ந்த ஒரு மலையடிவாரக் காட்டில் ஈச்சமடு என்று ஒரு நீர்நிலை இருந்தது. சுற்றிலும் ஈச்சமரங்கள். எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. குட்டைகள் எல்லாம் வெடித்துப்போயின. மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. எங்கிருந்தோ வந்த ஒரு செந்நாய்க் கூட்டம் அந்த மடுவின் கரையிலேயே குடியேறிவிட்டது. கரையை ஒட்டிய பாறைக்குகையில் அவை படுத்துக்கிடக்கும். தண்ணீர் குடிக்க வருகிறவர்களில் நாளுக்கு ஒருவரைப் பிடிக்கும். இரையைத் தேடி அலைய வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை. தாகமே இரையைக் கொண்டுவந்து கொடுத்தது.

மடுவுக்கு எதிரே ஒரு மொட்டைப் பாறை. அதில் கூவி என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தது. ஆள்காட்டிக்கு எதைக் கண்டாலும் கத்தவேண்டும். சருகு உருண்டாலும் கத்தும், மேகத்தின் நிழல் நகர்ந்தாலும் கத்தும். அதனால் அதன் பேச்சுக்குக் காட்டில் மதிப்பில்லை. கூவி கத்தினால் மான்கள்கூட ஒரு தடவை காதை ஆட்டிவிட்டு மறுபடியும் மேயும்.

அந்தக் காட்டுக்குத் தலைவனாக இருந்தது நெடுங்கோடன் என்ற காட்டெருமை. பெரிய உடம்பு, அகன்ற நெற்றி, வளைந்து நீண்ட கொம்புகள். அதன் பலத்தைவிட அதன் நிதானத்தைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு கோடைக்கு முன்னால் காட்டுத்தீ வந்தபோது எல்லா விலங்குகளும் கண்மண் தெரியாமல் ஓடின. நெடுங்கோடன் மட்டும் ஓடவில்லை. ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருகல் நிலத்தின் வழியாக மெல்ல நடந்தது. அதன் பின்னால் நடந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து காட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் முதலில் நெடுங்கோடனின் முகத்தைப் பார்ப்பார்கள். அது அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று திரும்பிப் போவார்கள்.

செந்நாய்கள் வந்து ஒரு மாதம் ஆயிற்று. இருபத்தெட்டு விலங்குகள் போய்விட்டன. ஒரு நாள் காலையில் நெடுங்கோடன் கூவியைத் தனியாக அழைத்தது. அங்கே இன்னொரு காட்டெருமையும் நின்றிருந்தது. அது இடிக்காலன். நெடுங்கோடனின் தங்கை செம்பியின் மூத்த மகன். அதன் குளம்புச் சத்தம் கேட்டால் முயல்கள் பொந்துக்குள் போய்விடும்.

நெடுங்கோடன் தன் திட்டத்தைச் சொன்னது. உச்சி வெயிலில் செந்நாய்கள் எல்லாம் குகைக்குள் தூங்குகின்றன. குகையின் பின்பக்கம் ஒரு வறண்ட ஓடை இருக்கிறது. இரண்டு பக்கமும் உயரமான கரை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். ஆனால் அது நேராகக் குகை வாசலில் போய் முடிகிறது. இடிக்காலனும் பத்துக் காளைகளும் அந்த வழியாகப் போய் வாசலை அடைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தூங்குகிற நாய்கள் ஒன்றுகூட வெளியே வரமுடியாது.

இந்த விஷயம் மூன்று பேருக்கு மேல் தெரியக்கூடாது என்று நெடுங்கோடன் கண்டித்துச் சொன்னது. அதற்குக் காரணம் வால்காக்கை. அது செந்நாய்கள் மிச்சம் வைக்கும் இறைச்சிக்காக அலைகிற பறவை. இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்லும். அதனால் அந்த நேரத்தில் நெடுங்கோடன் வழக்கம்போல், விலங்குகள் உப்பு நக்கக் கூடுகிற உப்புத் திடலில் நின்று வழக்குக் கேட்கும். தலைவன் நிற்கிற இடத்தில் நின்றால் வால்காக்கைக்குச் சந்தேகம் வராது. கூட வருகிற பத்துக் காளைகளுக்கும்கூட, மலைச்சரிவில் மேயப் போவதாகவே சொல்லவேண்டும்.

"கூவி, நீ பாறையில் இருந்து பார். கத்தாதே. எது நடந்தாலும் கத்தாதே. ஏதாவது தவறாகத் தெரிந்தால் பறந்துவந்து என் காதில் சொல். நான் ஒரே ஒரு முக்காரம் போடுவேன். அது மலைவரைக்கும் கேட்கும். கேட்டதும் இடிக்காலன் திரும்பிவிடுவான்."

"உங்கள் முக்காரம் கேட்காதவரை நான் திரும்பமாட்டேன், மாமா" என்றது இடிக்காலன்.

கூவிக்குத் தலை கிறுகிறுத்தது. காட்டில் யாருமே காதுகொடுத்துக் கேட்காத அதன் வார்த்தைக்குத் தலைவனே காத்திருக்கப் போகிறது. மூன்று நாள் அது வாயைத் திறக்கவில்லை. ஒரு பாம்பு அதன் முட்டையைத் தின்றுவிட்டுப் போனபோதுகூட அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

நாலாம் நாள் உச்சிவெயில். காளைகள் மூங்கில் காட்டுக்குள் நுழைவதைக் கூவி பார்த்தது. பிறகு மடுப்பக்கம் திரும்பிப் பார்த்தது. குகை வாசலில் ஒரு நாயும் இல்லை. உள்ளே தூங்குகின்றன போலிருக்கிறது என்று எண்ணியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. தாழப் பறந்து ஒரு சுற்று வந்தது. குகை காலியாக இருந்தது.

பாறை வெயிலில் காய்ந்த சட்டிபோலச் சுட்டது. அந்தச் சூடு தாங்காமல் செந்நாய்கள் இடம் மாறியிருந்தன. ஓடையில் மேல்மணலைப் பறித்தால் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் குழி பறித்து, புங்கமரத்து வேர்களின் நிழலில், ஓடையின் இரண்டு கரையிலும் அவை படுத்திருந்தன. யாரும் போய் எதையும் சொல்லிவிடவில்லை. வால்காக்கைக்கு ஒன்றும் தெரியாது. வெயில் மட்டும்தான் காரணம். கூவி எண்ணிப் பார்த்தது. முப்பத்தொன்று.

கத்தல் தொண்டைவரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு உப்புத் திடலுக்குப் பறந்தது.

திடலில் இரண்டு காட்டுப்பன்றிகள் வழக்காடிக்கொண்டிருந்தன. இருந்த ஒரே சேற்றுக்குழியில் யார் முதலில் புரளுவது என்பது வழக்கு. சுற்றிலும் மான்களும் மந்திகளும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கிளையில் வால்காக்கையும் இருந்தது. கூவி மெல்ல வந்து நெடுங்கோடனின் திமிலில் இறங்கியது. பூச்சி பொறுக்குவதுபோல் காதுக்கு அருகே நகர்ந்தது.

"தலைவரே, நாய்கள் குகையில் இல்லை. ஓடைக்குள் இருக்கின்றன. காளைகள் இன்னும் ஓடைக்குள் இறங்கவில்லை. இப்போது கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள்."

நெடுங்கோடனின் காது அசையவில்லை. கண் இமைக்கவில்லை. வாய் அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"சரி" என்றது.

கூவி முக்காரத்துக்காகக் காத்திருந்தது. முக்காரம் வரவில்லை. நெடுங்கோடன் பன்றிகளைப் பார்த்து, போன வருஷம் அந்தக் குழி யாரிடம் இருந்தது என்று விசாரித்தது. எத்தனை நாய்கள் என்று கூவியிடம் கேட்கவில்லை. எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. "போ, உன் இடத்துக்குப் போ" என்று மட்டும் உதட்டுக்குள் சொன்னது.

கூவி பாறைக்குப் போகவில்லை. நேராக மூங்கில் காட்டுக்குப் பறந்தது. காளைகள் ஓடையின் முகப்பை நெருங்கிவிட்டன. முன்னால் இடிக்காலன். கூவி அதன் கொம்பில் உட்கார்ந்து, கண்டதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னது.

இடிக்காலன் நின்றது.

"மாமா உன்னை அனுப்பினாரா?"

"இல்லை. நானாகத்தான் வந்தேன்."

"அவரிடம் சொன்னாயா?"

"சொன்னேன். கேட்டுக்கொண்டார்."

"கேட்டபிறகு அவர் முகம் எப்படி இருந்தது?"

கூவி பொய் சொல்லியிருக்கலாம். அது பொய் சொல்லிப் பழகாத குருவி. "எப்போதும்போலத்தான் இருந்தது. அசைபோட்டுக்கொண்டிருந்தார்" என்றது.

இடிக்காலனின் தோள்கள் தளர்ந்தன. அதன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்படியானால் அவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். தூங்குகிற நாய்களை ஓடையிலேயே மிதித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஆபத்தென்றால் கூப்பிட்டிருக்கமாட்டாரா?"

"இடிக்காலா, எனக்கு அப்படித் தோன்றவில்லை."

"உனக்கு எப்போதும் பயம்தானே" என்று அன்பாகவே சொல்லிவிட்டு, அது ஓடைக்குள் இறங்கியது. காளைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கின.

கூவி மறுபடியும் திடலுக்குப் பறந்தது. சிறகு வலித்தது. இந்தத் தடவை அது பூச்சி பொறுக்குவதுபோல் நடிக்கவில்லை. காதோரம் விழுந்து கெஞ்சியது. "இறங்கிவிட்டார்கள், தலைவரே. முப்பத்தொரு நாய்கள். நான் எண்ணினேன். கடைசியில் நிற்கிறவர்களாவது பின்வாங்க முடியும். ஒரு முக்காரம். ஒன்றே ஒன்று."

வால்காக்கை கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தது. பேச்சு அதன் காதுக்கு எட்டுகிற தூரம் இல்லை. சும்மாதான் பார்த்தது. நெடுங்கோடன் அந்தப் பார்வையைக் கண்டது. உடனே தலையைப் பன்றிகள் பக்கம் திருப்பியது.

"காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். சேறு இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் அழுக்காக்கும்" என்று தீர்ப்புச் சொன்னது.

திடல் முழுவதும் சிரித்தது. மந்திகள் கைதட்டின. பின்வரிசையில் நின்ற செம்பியும் சிரித்தது. தன் மகன் மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருக்கிறான் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓடையிலிருந்து சத்தம் எழுந்தது.

ஈர மணலில் காளைகளின் கால்கள் முழங்கால்வரை புதைந்தன. முதல் குளம்புச் சத்தத்திலேயே நாய்கள் எழுந்துவிட்டன. காளைகளுக்குத் திரும்ப இடமில்லை. முன்னால் போனவை நின்றன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. நாய்கள் இரண்டு கரையிலிருந்தும் குதித்தன. இடிக்காலன் நாலு நாய்களைக் கொம்பில் தூக்கி எறிந்தது. ஐந்தாவது நாய் அதன் கண்ணைப் பிடித்தது. கடைசிவரைக்கும் அது ஒரு காதை உப்புத் திடல் இருந்த திசையிலேயே வைத்திருந்தது. கூவி பாறைக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் பார்த்தது. இப்போது கத்தினால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

போன பதினொரு காளைகளில் பத்து அங்கேயே செத்தன. ஒன்றே ஒன்று, வாலும் பின்தொடையும் கிழிந்து, மூங்கில் காட்டுக்குள் வந்து விழுந்தது. என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு அதுவும் செத்தது.

செய்தி திடலுக்கு வந்தபோது விலங்குகள் அலறின. செம்பி மண்டியிட்டு விழுந்தது. எல்லாரும் நெடுங்கோடனைப் பார்த்தார்கள். அது நின்ற இடத்திலேயே நின்றது. போனவர்கள் இந்தக் காட்டின் தண்ணீருக்காகப் போனார்கள், வால்காக்கை காதில் விழக்கூடாது என்றுதான் அதை ரகசியமாக வைத்தேன் என்று சொன்னது. குரல் தடுமாறவில்லை. அதைக் கேட்டு அலறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

சாயங்காலம் கூவி தலைவனைத் தேடிப் போனது. நெடுங்கோடன் ஒரு புதருக்குப் பின்னால் தனியாக நின்றது. யாரும் பக்கத்தில் இல்லை. அதன் பின்னங்கால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. நெடுங்கோடனே பேச ஆரம்பித்தது.

"முதல் தடவை நீ வந்து சொன்னபோது என் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது தெரியுமா? எல்லாருக்கும் கேட்டுவிடும் என்று பயந்தேன். அதை அடக்கவேண்டும், கண்ணை இமைக்கக்கூடாது, வாய் நிற்கக்கூடாது. என் கவனமெல்லாம் அதிலேயே போய்விட்டது. வாயில் ஒன்றுமே இல்லை, கூவி. வெறும் வாயைத்தான் மென்றுகொண்டிருந்தேன்."

"எத்தனை நாய்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டால் குரல் நடுங்கியிருக்கும்."

"இரண்டாவது தடவை?"

"இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால், முதல் தடவையே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருப்பார்கள்."

இடிக்காலன் ஓடைக்குள் இறங்கியபோது அதன் முகத்தில் இருந்த நிம்மதி கூவியின் கண்முன்னால் வந்தது. 'மாமா யோசித்துத்தான் வைத்திருக்கிறார்' என்று அது சொன்னதை இங்கே சொல்லிவிடலாமா என்று பார்த்தது. சொல்லவில்லை. சொன்னாலும் இந்த முகம் அதையும் விழுங்கிவிடும் என்று அதற்குத் தோன்றியது.

மறுநாள் காலை காடு முழுவதும் திடலில் கூடியது. செம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு ராத்திரிக்குள் அதன் விலா எலும்புகள் தெரிந்தன.

"அண்ணா, நேற்று வழக்கு நடக்கும்போது கூவி உங்களிடம் இரண்டு தடவை வந்தது. நான் பின்னால் நின்று பார்த்தேன். அது என்ன சொன்னது?"

நெடுங்கோடன் மறைக்கவில்லை. "ஓடைக்குள் நாய்கள் இருப்பதாகச் சொன்னது."

"முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

"அப்போது என் பிள்ளை எங்கே இருந்தான்?"

"ஓடைக்கு வெளியே."

இப்போதாவது காடு கேட்கும் என்று கூவி நினைத்தது. கூட்டத்தில் வயதில் மூத்த கடமான் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சொந்த மருமகன் சாவை நோக்கிப் போகிறான் என்று தெரிகிறது. இங்கே வால்காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. ரகசியத்தைக் காப்பதற்காக இவர் இமைகூட அசைக்கவில்லை. எனக்கு இப்படி ஒரு நெஞ்சுரம் வராது. உங்களில் யாருக்கு வரும்?" என்றது.

ஆமாம் என்று மந்திகள் முனகின. தீ வந்த அன்றும் இப்படித்தான் நின்றார் என்று ஒரு மான் சொன்னது. மகனைப் பறிகொடுத்த இன்னொரு காட்டெருமை, கண்ணில் நீர் வழிய, தலைவன் முன்னால் தலை குனிந்தது. தன் பிள்ளை ஒரு காரணமும் இல்லாமல் செத்தான் என்று நினைப்பதற்கு அதனால் முடியவில்லை.

கூவிக்குப் பொறுக்கவில்லை. திடலின் நடுவில் வந்து இறங்கியது. "அவர் ரகசியத்தைக் காக்கவில்லை. பயத்தை மறைத்தார். யோசிக்கவே இல்லை. நேற்று அவரே என்னிடம் சொன்னார். என்னிடம் எத்தனை நாய்கள் என்றுகூடக் கேட்கவில்லை!"

எல்லாரும் நெடுங்கோடனின் முகத்தைப் பார்த்தார்கள். அதில் கோபம் இல்லை. நெடுநேரம் கூவியைப் பார்த்துவிட்டு, அது மிக மென்மையாகச் சொன்னது.

"பாவம், அதைத் திட்டாதீர்கள். அத்தனை சாவையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறது. புத்தி கலங்கிப்போயிருக்கிறது."

யாரும் கூவியைத் திட்டவில்லை. இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு மந்தி அதைக் கையில் எடுத்து மெதுவாக ஓரத்தில் கொண்டுபோய் வைத்தது.

பிறகு நெடுங்கோடன் அடுத்த திட்டத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் பேசியது. வால்காக்கை கிளையில் இருக்கிறதா என்று இந்தத் தடவை யாரும் பார்க்கவில்லை. ஓடை வழி தவறு, மேற்குக் கரையிலிருந்து இறங்கவேண்டும், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டது. தலைவனின் அமைதியைப் பார்த்து ஆறு காளைகள் எழுந்தன.

அவற்றில் ஒன்று செம்பியின் இளைய மகன். செம்பி குறுக்கே போய் நின்றது. அது தாயைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. செம்பி திடலைவிட்டு இறங்கி, கிழக்கே வெட்டவெளியைப் பார்த்து நடந்தது. அந்தப் பக்கம் நாலு நாள் நடந்தாலும் தண்ணீர் கிடையாது. கூவி கொஞ்ச தூரம் கூடவே பறந்துபோய் அதைச் சொன்னது. தெரியும் என்றது செம்பி.

அதிலிருந்து ஏழாம் நாள் ஆறு காளைகளும் மேற்குக் கரை வழியாகப் போயின. ஒன்றும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் நெடுங்கோடன் உப்புத் திடலில் நின்று இரண்டு மயில்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதைப் பார்த்துக் காடு தைரியமாக இருந்தது.

முகம் கலங்காமல் இருப்பதையே அறிவு தெளிவாக இருப்பது என்று நம்புகிறவர்கள், தலைவனின் அமைதிக்குத் தங்கள் பிள்ளைகளைப் பலி கொடுத்துவிட்டு, அந்த அமைதியைப் பார்த்தே ஆறுதலும் தேடிக்கொள்வார்கள்.